அடித்தால்தான் படியுமா? - நாய்ப் பயிற்சியின் நூறு வருடக் கதை

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி உண்டு. மாட்டுக்குச் சொன்னதை நாய்க்கும், அதற்கு மேல் போய் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கொண்டவர்கள் ஏராளம். இது நம் ஊர் நம்பிக்கை மட்டும் அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே கருத்து புத்தகமாக அச்சாகி, பல பதிப்புகள் விற்றிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எப்படி உடைந்தது என்பது சுவாரசியமான வரலாறு. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையில் நாய்களை விடக் கோழிகளுக்கும் டால்பின்களுக்கும் ஓநாய்களுக்கும்தான் பங்கு அதிகம்!

போலீஸ் நாயும் சாட்டையும்

நவீன நாய்ப் பயிற்சியின் தொடக்கம் என்று பலரும் சொல்வது ஜெர்மனியைத்தான். கான்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி 1910ல் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாய் செய்யும் செயலுக்கு உடனே விளைவு கிடைக்க வேண்டும், தாமதமானால் நாய்க்குப் புரியாது என்று அவர் அப்போதே எழுதிவிட்டார். அது சரியான கணிப்பு. ஆனால் அவர் கையில் எடுத்த "விளைவு" பெரும்பாலும் கட்டாயம்தான். முள் வைத்த கழுத்துப் பட்டை, சங்கிலியைச் சுண்டி இழுப்பது, பிரம்பு என்று போகும். பாராட்டும் தீனியும் உண்டு. ஆனால் முதல் இடம் அவற்றுக்கு இல்லை.

முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் நாய்கள் தேவைப்பட்டன. போர் முடிந்ததும் அதே முறைகள் வீட்டு நாய்களுக்கும் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் வில்லியம் கோலர் 1962ல் வெளியிட்ட பயிற்சி நூலும் கழுத்துச் சங்கிலியைத்தான் நம்பியது.

கோழிகளை வைத்து ஒரு கம்பெனி

இன்னொரு பக்கம் ஆய்வுக்கூடங்களில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1898ல் எட்வர்ட் தார்ண்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். நல்ல பலன் தந்த செயலைப் பிராணி திரும்பச் செய்கிறது என்று கண்டார். ரஷ்யாவில் பாவ்லோவின் நாய்கள், சாப்பாடு வரப்போகும் அறிகுறிக்கே எச்சில் ஊறின. இவற்றை எல்லாம் பயிற்சி முறையாக மாற்றியவர் பி.எஃப். ஸ்கின்னர். 1951ல் ஒரு அறிவியல் இதழில் எழுதிய கட்டுரையில், கடையில் கிடைக்கும் "டிக் டிக்" பொம்மை ஒன்றையும் கொஞ்சம் தீனியையும் வைத்து வீட்டிலேயே நாய்க்குக் கற்றுக் கொடுக்கலாம் என்று விளக்கினார்.

எதற்கு அந்தச் சத்தம்? நாய் உட்கார்ந்த அந்த நொடியிலேயே பிஸ்கட்டை அதன் வாயில் வைக்க முடியாது. பாக்கெட்டைத் தேடி எடுப்பதற்குள் நாய் எழுந்து வாலாட்டத் தொடங்கிவிடும். "டிக்" என்றால் "நீ இப்போது செய்ததற்குக் கூலி உண்டு" என்று பொருள். கூலி இரண்டு நொடி கழித்து வந்தாலும் கணக்கு சரியாக இருக்கும்.

ஸ்கின்னரிடம் படித்த கெல்லர் பிரிலண்ட், மேரியன் பிரிலண்ட் தம்பதியர் இதை வைத்துத் தொழிலே தொடங்கினார்கள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1940களில் மின்னசோட்டாவில் ஒரு பண்ணையில் ஆரம்பித்தது அவர்களின் நிறுவனம். ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் தீவன விளம்பரத்துக்காகக் கோழிகளை ஆட வைத்தார்கள். 140க்கும் மேற்பட்ட உயிரினங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அன்றைய நாய்ப் பயிற்சியாளர்களிடமும் இந்த முறையைக் கொண்டு போனார்கள். அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை!

ஆனாலும் பிராணிகள் வெறும் இயந்திரம் இல்லை என்பதும் இவர்களுக்குத்தான் முதலில் உறைத்தது. ரக்கூன் என்ற விலங்குக்குக் காசை உண்டியலில் போடக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு காசு வரை சரி. இரண்டு காசு கொடுத்ததும் அது கஞ்சனைப் போல இரண்டையும் உரசிக்கொண்டே இருந்தது. கீழே போட மனமே வரவில்லை. உணவைக் கழுவித் தேய்க்கும் இயல்பு, கற்ற பாடத்தை ஜெயித்துவிட்டது. 1961ல் அவர்கள் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். ஒவ்வொரு இனத்தின் இயல்பையும் தெரிந்துகொள்ளாமல் பயிற்சி தர முடியாது என்பதுதான் அதன் சாரம்.

டால்பினை எப்படி அடிப்பது?

1960களில் ஹவாயில் உள்ள கடல் பூங்கா ஒன்றில் டால்பின்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு வந்தார் கேரன் பிரையர். டால்பினுக்குக் கழுத்துச் சங்கிலி போட முடியாது. திட்டினால் அது நீந்திப் போய்விடும். ஆகவே விசிலும் மீனும்தான் ஒரே வழி. அப்படியே அது துள்ளியது, வளையத்தில் புகுந்தது. அடியே இல்லாமல் இவ்வளவு முடியும் என்றால் நாய்க்கு மட்டும் எதற்கு அடி? 1984ல் வெளிவந்த அவருடைய புத்தகம் இந்தக் கேள்வியைப் பொதுமக்களிடம் கொண்டு போனது. 1990களில் விசிலின் இடத்தில் கையடக்கமான க்ளிக்கர் வந்தது. 1980களில் பிரிட்டனில் பிறந்த கால்நடை மருத்துவர் இயான் டன்பார், கலிபோர்னியாவில் குட்டி நாய்களுக்குச் சங்கிலி இல்லாத வகுப்புகளைத் தொடங்கினார்.

தவறாகப் படிக்கப்பட்ட ஓநாய்

இவ்வளவுக்கும் பிறகும் அடி ஏன் ஒழியவில்லை? காரணம் ஒரு சொல்: "ஆல்பா".

1947ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பற்றி எழுதினார். அவை தலைமைக்காக ஓயாமல் மோதின. 1970ல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் தன் ஓநாய் நூலில் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டார். அது பிரபலமானது. பிறகு ஓநாய்க்குச் சொன்னது நாய்க்கும் வந்தது. நாய் உங்களை அடக்கப் பார்க்கிறது, நீங்கள்தான் தலைவன் என்று காட்டுங்கள் என்றார்கள். நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978ல் எழுதிய நூல், நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னது.

மெக் 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அங்கே நாற்காலிச் சண்டை எதுவும் இல்லை. கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். அவ்வளவுதான்! அறிமுகம் இல்லாத ஓநாய்களை ஒரே கொட்டகையில் அடைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? 1999ல் இதைக் கட்டுரையாக எழுதிய மெக், தன் பழைய நூலை நிறுத்தும்படி பதிப்பாளரிடம் பல முறை கேட்டார். அச்சு நின்றது 2022ல்தான். துறவிகளும் 2002ல் வந்த திருத்திய பதிப்பில் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

பயம் என்பது பணிவு அல்ல

அடித்தால் நாய் அடங்குகிறதே என்று கேட்கலாம். அடங்குகிறதா, உடைகிறதா என்பதுதான் கேள்வி. 1967ல் செலிக்மன், மேயர் இருவரும் நடத்திய சோதனையில், தப்பவே முடியாமல் மின் அதிர்ச்சி பெற்ற நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்ப வழி இருந்தும் அப்படியே படுத்துவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் அமைதியான நாய்தான்.

தப்பு செய்த நாயின் "குற்ற முகம்" பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. 2009ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ், சாப்பிடாதே என்று சொன்ன பிஸ்கட்டைத் தின்ற நாயையும் தின்னாத நாயையும் ஒப்பிட்டார். அந்த முகம் தப்பு செய்ததால் வரவில்லை, எஜமானர் திட்டியதால் வந்தது. தின்னாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகம்தான் காட்டியது. அதே 2009ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர், பிரச்சினை உள்ள நாய்களை வளர்ப்பவர்களிடம் விசாரித்தார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடமும், மல்லாக்கப் புரட்டியவர்களில் 31 சதவீதம் பேரிடமும் நாய் சீறிப் பாய்ந்திருக்கிறது.

உறுமல் என்பது நாயின் எச்சரிக்கை. "எனக்குப் பயமாக இருக்கிறது, விலகு" என்று அது சொல்லும் ஒரு வழி. உறுமியதற்காக அடித்தால் உறுமல் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை அந்த நாய் எச்சரிக்காமல் நேராகக் கடிக்கலாம். அப்போது பக்கத்தில் நிற்பது வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம்.

2021ல் விலங்கு நடத்தை பற்றி ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம், எல்லா நாய்களுக்கும் பரிசு சார்ந்த பயிற்சியையே பரிந்துரைத்தது. ஆக்ரோஷமான நாய்களுக்கும் அதுவே என்று தெளிவாகவே சொன்னது. கோழிக்கும் டால்பினுக்கும் எப்போதோ கிடைத்த கூலி, மனிதனோடு பல்லாயிரம் வருடங்களாக வாழும் நாய்க்குக் கடைசியாகத்தான் கிடைத்திருக்கிறது.