எழுத்தின் அழகும் ஏட்டின் விலையும்

கடலூரிலோ சிதம்பரத்திலோ அழைப்பிதழ் அச்சிடச் செல்லும் நாம், வளைந்து கொழுத்த எழுத்தையே அழகென்று தேர்கிறோம். கொள்ளிடத்துக்குத் தெற்கே, தரங்கம்பாடியில், அவ்வழகு ஒருமுறை எடைபோடப்பட்டது.

1713இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்திறங்கின. பருத்த எழுத்துகள், பக்கங்களை விழுங்கின. தாளோ கடல்கடந்து வரவேண்டிய பொருள்! சீகன்பால்கின் அச்சகத்தார் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. மதம் பரப்ப வந்தவர்கள்தாம். ஆயினும் எழுத்து மக்களுக்காகச் சுருங்கியது அன்றோ?

எழுத்தின் அளவு சுருங்கினால் தாள் மிஞ்சும். வடிவங்களின் எண்ணிக்கை குறைந்தால் அச்சுக்கோப்பவர் உழைப்பும் மாணவர் காலமும் மிஞ்சும் என்று 1935இல் ‘குடி அரசு’ ஏட்டில் செய்தே காட்டினார் பெரியார். அவற்றுட் பலவற்றை அரசு ஏற்க 1978 ஆயிற்று!

துதிக்கை தூக்கிய பழைய ‘லை’யின் எழில் போயிற்றே என வருந்துவோர் இன்றும் உளர். அதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம், “யானையா, ஐயா?” என்றனர் நம் மாணவர்.