எஞ்சினும் தண்ணீரும்

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அதிகாலை, ஜேர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து பேர்த்தா பென்ஸ் என்னும் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்ஸ் அமைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டியிலே, புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பிபோட்ஸ்ஹைம் நகரிலிருந்த தாயாரைக் காண்பது பயணத்தின் நோக்கம். வழியின் நீளம் 100 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அத்துணைத் தூரத்துக்கு அதற்கு முன்னர் எவரும் மோட்டார் வண்டி செலுத்தியதில்லை. எரிபொருள் குறைந்தபோது வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக் கடையிலே அதனை வாங்கினார். ஆனால் எரிபொருளிலும் பார்க்க அடிக்கடி அவர் தேட நேர்ந்தது தண்ணீரையே. கிணறு கண்ட இடத்திலும் ஓடை கண்ட இடத்திலும் வண்டியை நிறுத்தி, நீர் மொண்டு வார்த்த பின்னரே மேலே செல்ல முடிந்தது.

மோட்டார் வண்டிக்கு எரிபொருள் உணவு என்றால், தண்ணீர் அதன் உயிரைக் காப்பது. இந்த உண்மையை முதன் முதலில் நெடுஞ்சாலையிலே அனுபவித்து அறிந்தவர்கள் அந்தத் தாயும் மக்களுமே எனலாம்.

இதன் காரணம் எளியது. எஞ்சினுள்ளே எரியும் எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சக்கரங்களைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சிய பங்கு எஞ்சினின் உலோகத்திலேயே தங்குகின்றது. அதனை உடனுக்குடன் அகற்றாவிடில் எண்ணெய் தன் வழுவழுப்பை இழக்கும்; முசலம் உருளையோடு இறுகிப்போகும். பென்ஸின் வண்டியில் உருளையைச் சுற்றி நீர் நின்றது. அந்த நீர் கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோயிற்று. போன நீருக்கு ஈடாகப் புதுநீர் வார்க்கவேண்டியிருந்தது. அடுப்பிலுள்ள உலை நீர் வற்ற வற்ற வார்ப்பது போன்றதே அம்முறை.

வார்த்த நீரை வீணாக்காது, குளிரச் செய்து மீண்டும் பயன்படுத்தும் வழியைத் திறம்படக் கண்டவர் வில்லெம் மேபாக் என்னும் ஜேர்மன் பொறியியலாளர். டைம்லர் நிறுவனத்துக்காக அவர் அமைத்த முதலாவது மேர்சிடிஸ் வண்டி 1900ஆம் ஆண்டின் இறுதியில் எமில் யெலினெக் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வண்டியின் முன்புறத்திலே தேன்கூடு போன்றதொரு றேடியேற்றர் இருந்தது. ஆறு மில்லிமீற்றர் சதுரமான 8,070 சிறு குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து அதனைச் செய்திருந்தனர். குழாய்களினூடே காற்று விரைந்தது. அவற்றுக்கிடையே நீர் இறங்கியது. ஆகவே ஒன்பது லீற்றர் நீரே 35 குதிரைவலு எஞ்சினுக்குப் போதுமானதாயிற்று. இன்று ஓடும் கார்களின் முன்னே மறைந்திருக்கும் றேடியேற்றர் அத்தேன்கூட்டின் வழித்தோன்றலேயாம்.

நீரைச் சுழலச் செய்வதில் இரு நெறிகள் வளர்ந்தன. ஒன்று இயற்கையை நம்பியது. சூடேறிய நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கும். இதனைப் பள்ளிப் பிள்ளைகள் மேற்காவுகை என்று படிப்பர். 1908ஆம் ஆண்டில் ஹென்றி போட் வெளியிட்ட மொடல் ரி கார், முதல் 2,500 வண்டிகள் வரையில் நீர்ப்பம்பி கொண்டிருந்தது. பின்னர் பம்பி நீக்கப்பட்டு, மேற்காவுகை ஒன்றாலேயே நீர் சுழன்றது. 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. பழுதாவதற்குப் பம்பியே இல்லாமை அதன் சிறப்பு. ஆனால் நீர்மட்டம் மேற்குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி அங்கேயே அறுந்துபோகும் என்பது அதன் குறை. எஞ்சின்களின் வலு பெருகப் பெருக, பம்பியால் நீரைத் தள்ளும் மற்றைய நெறியே நிலைபெற்றது.

இங்கே வேறொரு சிக்கல் தோன்றியது. எஞ்சின் மிகச் சூடாதல் தீது. மிகக் குளிர்ந்திருத்தலும் தீதே. குளிர்ந்த எஞ்சின் எரிபொருளை விரயமாக்கும். விரைவில் தேய்ந்தும் போகும். ஆகையால் நீர் தக்க வெப்பம் அடையும் வரை றேடியேற்றருக்குச் செல்லாதவாறு தடுக்கும் தேமோஸ்தற் என்னும் வாயில்காப்போன் அமைக்கப்பட்டது. 1930களில் செர்ஜியஸ் வேர்னே என்பவர் இதற்கு மெழுகைப் பயன்படுத்தினார். உருகும்போது விரியும் மெழுகு சிறு தண்டொன்றைத் தள்ளி வாயிலைத் திறக்கும். இன்றைய கார்களிற் பெரும்பாலானவற்றில் இருப்பதும் மெழுகுத் தேமோஸ்தற்றே.

அடுத்த மாற்றம் நீரிலேயே நிகழ்ந்தது. பனி நாடுகளில் நீர் உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். பிரெஞ்சு இரசாயனவியலாளர் வூட்ஸ் 1850களில் ஆக்கிய எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவம் இதற்கு மருந்தாயிற்று. அது 197 பாகை செல்சியசிலேயே கொதிப்பது. அதனால் 1930களில் ஆகாயவிமானங்களும் அதனை நாடின. ஸ்பிட்பயர் விமானத்தை இயக்கிய றோல்ஸ் றொய்ஸ் மேர்லின் எஞ்சின் தொடக்கத்தில் தனிக் கிளைக்கோலாலேயே குளிர்விக்கப்பட்டது. ஆனால் தனிக் கிளைக்கோல் நீரின் அளவுக்கு வெப்பத்தை ஏந்தாது, தீப்பற்றவும் வல்லது. பிந்திய மேர்லின்களில் 30 பங்கு கிளைக்கோலும் 70 பங்கு நீரும் கலந்து, அமுக்கத்தின்கீழ் அடைத்து வைத்தனர். இரண்டின் நலனும் கலவையிலேயே கிட்டின.

அமுக்கத்தின் பயனை மலைநாட்டுச் சாலையிலே எளிதில் உணரலாம். கடற்கரையில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலே 94 பாகையளவிற் கொதித்துவிடும். எஞ்சின் கடுமையாக உழைக்கும் ஏற்றத்திலேயே நீர் விரைவிற் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வில் பொருத்திய மூடியொன்றால் றேடியேற்றரை இறுக மூடி, ஒரு வளிமண்டல அளவுக்கு அமுக்கத்தை உயர்த்தினால் நீர் 120 பாகை வரை கொதியாது. ஆயின் இந்த வசதியோடு ஒரு பேராபத்தும் வந்தது. சூடான எஞ்சினின் மூடியை ஒருவர் திறந்தால், அடங்கியிருந்த நீர் அக்கணமே ஆவியாகி முகத்திற் பாயும். குளிர்ந்தாலன்றி மூடியைத் தொடலாகாது என்னும் விதிக்கு விலக்கே இல்லை.

கார்களின் உருவமும் காலப்போக்கில் மாறிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளில் றேடியேற்றர் நெடிதுயர்ந்து நின்றது. நீரை வார்க்கும் வாயே உச்சியில் இருந்தமையால், உள்ளே புகுந்த காற்றுத் தானாகவே மேலெழுந்து வெளியேறியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்றை எளிதிற் கிழித்துச் செல்லும்பொருட்டு முன்மூடிகள் தாழ்ந்தன, றேடியேற்றரும் தாழ்ந்தது. பல கார்களில் எஞ்சினின் தலைப்பகுதி றேடியேற்றரிலும் உயர்ந்துவிட்டது. வெளியேற வழியற்ற காற்று அங்கே குமிழாகத் தங்கத் தொடங்கிற்று. காற்றுக் குமிழ் வெப்பத்தை ஏந்திச் செல்லாது. வெப்பமானியின் உணர்முனை அக்குமிழினுள் அகப்பட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கையிலும் முள் அமைதியாகவே நிற்கும். அலுமினியத் தலைப்பகுதி வளைந்து, இடையிலுள்ள காஸ்கெற் பழுதான பின்னரே உரிமையாளர் விழித்துக்கொள்வார். இக்காரணத்தாலேயே பல கார்களிற் காற்றுப்போக்கும் திருகாணிகள் வைக்கப்பட்டன.

நீரின் தன்மையும் கருதற்பாலது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறுவது. அந்நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியிலே வெண்பொருக்குப் படிவதை அறியாத இல்லத்தரசி இல்லை. கரைந்திருந்த சுண்ணம் வெப்பத்தாற் பிரிந்து படிவதே அது. எஞ்சினினுள்ளும் அவ்வாறே படிந்து, குறுகிய வழிகளை அடைத்து, வெப்பம் கடவாத போர்வையாகின்றது. நம் நாட்டிற் பனி உறைவதில்லையாதலால் கிணற்று நீரே போதும் என்று சிலர் கருதுவர். அது தவறு. குளிர்விப்புத் திரவத்திற் கலந்துள்ள துருத்தடுப்பு மருந்துகள் வெப்பநாட்டுக்கும் வேண்டியவையே. அவை நாளடைவில் தேய்ந்துபோவதால், வண்டியோடு வந்த கைந்நூல் கூறும் காலத்தில் திரவத்தை மாற்றுதல் வேண்டும்.

இப்பணியை வீட்டு முற்றத்திலேயே செய்து முடிக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் முற்றாகக் குளிர்ந்த பின் மூடியைக் கழற்றுக. கீழே அகன்ற பாத்திரமொன்றை வைத்து வடிகுழாயைத் திறந்து பழைய திரவத்தை ஏந்துக. பின்னர் தூயநீர் விட்டு, எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி, மீண்டும் குளிரவிட்டு வடிக்கவேண்டும். வெளிவரும் நீர் தெளியும் வரை இதனைத் திரும்பச் செய்க. சூடான எஞ்சினிற் குளிர்நீரைச் சடுதியாக வார்த்தல் ஆகாது; உலோகம் வெடிக்கக்கூடும். இறுதி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. அலசிய நீரிற் சிறிதளவு எஞ்சினுள்ளே தங்கிவிடுமாதலால், பாதிக்குப் பாதி கலவை வேண்டுமிடத்து, மொத்தக் கொள்ளளவின் பாதிக்குக் கலக்காத திரவத்தை முதலில் வார்த்து, மிகுதியை வடித்த நீரால் நிரப்புதல் முறையாகும்.

வார்க்கும்போது அவசரம் கூடாது. மெல்ல வார்த்தாற் காற்றுக்கு வழி கிடைக்கும். காரினுள் வெப்பமூட்டி இருந்தால் அதனை முழுச்சூட்டில் வைக்கவேண்டும். திருகாணி உள்ள வண்டியில் அதனைத் தளர்த்தி, குமிழியின்றித் திரவம் ஒழுகத் தொடங்கியதும் இறுக்குக. பின்னர் கைந்நூல் காட்டும் முறைப்படி எஞ்சினை இயக்கினால், தேமோஸ்தற் திறந்து றேடியேற்றருக்குச் செல்லும் இறப்பர்க் குழாய் சூடேறும். விசிறியும் சுழலத் தொடங்கும். மறுநாட் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் மட்டத்தைப் பார்த்தால் அது சற்று இறங்கியிருத்தல் கூடும். இறங்கிய அளவு வெளியேறிய காற்றின் அளவு. குறையை நிரப்பியதும் வேலை முடிந்தது. நாள்தோறும் மட்டம் இறங்குமாயின் எங்கோ ஒழுக்கு உண்டென்று கொள்ளவேண்டும்.

பாத்திரத்தில் ஏந்திய பழைய திரவம் இன்னும் முற்றத்திலே இருக்கின்றது. எதிலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. அவ்வினிப்பை நாடி நாயும் பூனையும் நக்கும்; குழந்தையும் அருந்த நேரலாம். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் போக்க வல்லது. ஆதலின் அதனை மூடிய கலத்தில் அடைத்துப் பெயரெழுதி, பழைய திரவங்களை ஏற்கும் கராஜில் ஒப்படைத்தல் வேண்டும். வேலியோரத்திலே கொட்டுதல் எளிதுதான். ஆனால் சுண்ணாம்புக் கற்பாறை நிலத்திற் கொட்டியது வெடிப்புகளின் வழியே விரைந்து இறங்கும். அதன் அடியில் இருப்பது அயலவர் அனைவரும் அள்ளிக் குடிக்கும் கிணற்று நீர்.

பேர்த்தா பென்ஸ் வழியெங்கும் கிணறுகளை நாடித் தம் வண்டியைக் காப்பாற்றினார். இன்றைய வண்டி கிணற்றை நாடாமலே நெடுந்தூரம் ஓடுகின்றது. வண்டிக்கு நீர் தந்து உதவிய கிணற்றை, வண்டியின் நஞ்சிலிருந்து காப்பது இப்பொழுது வண்டியுடையவரின் கடமையாகின்றது.