சிக்கனத்துக்குப் பிறந்த வேகக் கார்

"வண்டி மைலேஜ் எவ்வளவு குடுக்குது?" சின்ன வேகக் கார் வெச்சிருக்கறவங்க தப்பிக்க முடியாத கேள்வி இது. வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் ஏழாம் பொருத்தம்னு நாம நினைக்கிறோம். மினியின் கதை வேற மாதிரி.

1956-ல் சூயஸ் நெருக்கடி. டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பி.எம்.சி. நிறுவனத் தலைவர் லெனார்ட் லார்ட், பெட்ரோல் அதிகம் குடிக்காத குட்டிக் கார் ஒன்றை அலெக் இசிகோனிஸிடம் கேட்டார். 1959-ல் மினி வெளிவந்தது: நீளம் சுமார் 3 மீட்டர், 848 சிசி, 34 குதிரைத்திறன்.

1961-ல் ஜான் கூப்பர் பெயரில் வேக மினி: 997 சிசி, 55 குதிரைத்திறன், இரட்டை கார்புரேட்டர். 1964-ல் கூப்பர் எஸ், மான்டி கார்லோ ராலியையே ஜெயித்தது.

சரி, இதுல தினமும் ஆபீஸ் போனா? நெரிசலில் அந்த 55-ல் பெரும்பகுதிக்கு வேலையே இல்லை. பெட்ரோல் வேறு வழிகளில் போகிறது. சிக்னலில் நிற்கும்போதும் இன்ஜின் குடித்துக்கொண்டே இருக்கும். காலையில் சோக் இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடும். ஆபீஸ் பக்கம் என்றால் இன்ஜின் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும். பிரேக் போடும்போதெல்லாம் சேர்த்த வேகம் வெறும் சூடாகிப் போகும். வேகம் இரட்டித்தால் அந்த விரயம் நான்கு மடங்கு. எடை குறைந்தால் விரயமும் குறையும். கூப்பரின் எடை 700 கிலோவுக்கும் கீழே.

இசிகோனிஸ் எடையில் பிடித்த மிச்சத்தைக் கூப்பரின் கூடுதல் குதிரைகள் கொஞ்சம் தின்றிருக்கும். மீதியைத் தின்பது, பச்சை விழுந்ததும் அவசரப்படும் வலது கால்தான். என் காலையும் சேர்த்தே சொல்றேன்.