'வந்தாங்களாம்' என்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது?

கொல்லிமலையில் ஊர்களைச் சேர்த்து 'நாடு' என்பார்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பட்டியல் நீளும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் (கேரளத்துக்காரர்கள் இல்லை, இவர்கள் பேசுவது தமிழ்) பூர்வீகம் எது என்று கேட்டால் ஒரு கதை வரும். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மலையேறி "வந்தாங்களாம்" என்று.

அந்த 'ஆம்' சின்ன விஷயம் இல்லை. நான் பார்க்கவில்லை, பெரியவர்கள் சொன்னார்கள், பொய் என்றும் சொல்லமாட்டேன், சத்தியமும் பண்ணமாட்டேன். இத்தனையும் ஒரே அசையில் அடங்கிவிடுகிறது. போலும், தானே, வந்தாரோ என்னவோ... தமிழில் இந்த மாதிரி நிறைய உண்டு. தொல்காப்பியரே தமக்கு முந்தியவர்கள் சொன்னதை 'என்ப' என்ற ஒரு சொல்லால் பிரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். சொல்லும் விஷயத்தை எழுதுபவர் எவ்வளவு நம்புகிறார், அதற்கு எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்று காட்டுவதை மொழியியலில் 'நிலைப்பாடு' என்கிறார்கள். பாட்டிமார்களுக்கு இது படிக்காமலே வரும்.

சரி, அதே வீட்டுப் பிள்ளை மலையிறங்கி, கல்லூரியில் சேர்ந்து, இங்கிலீஷில் அசைன்மெண்ட் எழுதும்போது என்ன ஆகிறது? 'ஆம்' காணாமல் போய்விடுகிறது. "மலையாளிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள்." முற்றுப்புள்ளி. பாட்டி சந்தேகத்தோடு சொன்னதைப் பேரன் தீர்ப்பு மாதிரி எழுதிவிடுகிறான்.

இது கொல்லிமலைக்கு மட்டும் வந்த சங்கடமும் இல்லை. கென் ஹைலண்ட், ஜான் மில்டன் என்ற இருவர் 1997-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹாங்காங்கில் பள்ளி முடித்த 900 பேரின் இங்கிலீஷ் தேர்வுத் தாள்களையும், அதே வயதுள்ள பிரிட்டிஷ் மாணவர்கள் 770 பேரின் தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஹாங்காங் பிள்ளைகள் கொஞ்சம் சொற்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். பிரிட்டிஷ் பிள்ளைகளைவிட அழுத்தமாக அடித்துச் சொன்னார்கள். எவ்வளவு உறுதி என்பதை அளந்து சொல்லச் சிரமப்பட்டார்கள். இதைப் படித்துவிட்டு 'ஆசிய மாணவர்களுக்குச் சிந்தனை போதாது' என்று யாராவது கிளம்பினால் அது அபத்தம். வீட்டு மொழியில் இருக்கும் திறமை பரீட்சைத் தாளில் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

நம் பக்கம் அதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. அப்போது அது பாடம் நடத்தும் இடம் இல்லை, பரீட்சை வைக்கும் இடம். இங்கிலீஷ் என்பது பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கும் மொழியாக ஆனது. 1902-ல் கர்சன் காலத்தில் அமைத்த பல்கலைக்கழகக் கமிஷனே, இந்த நாட்டில் படிப்பு பரீட்சைக்கு அடிமையாகிவிட்டது என்று வருத்தப்பட்டது. மனப்பாடத்தில் 'ஒருவேளை' என்ற சொல்லுக்கு ஏது இடம்? நோட்ஸில் உள்ளது அப்படியே இறங்கினால்தானே மார்க்.

ஆனால் அந்தப் பரீட்சை வழியாகவே வந்த ஒருவர் இதை அழகாகச் செய்து காட்டியிருக்கிறார். 'மனோன்மணீயம்' எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897), திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். திருஞானசம்பந்தரின் காலத்தைக் கால்டுவெல் 13-ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளியிருந்தார். கால்டுவெல்லின் பெயருக்கு அன்றைக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. 1890-களில் சுந்தரம் பிள்ளை அதை இங்கிலீஷிலேயே மறுத்தார். 'இந்த ஆண்டுதான்' என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிந்தியவராக இருக்க முடியாது என்று ஓர் எல்லையைக் கட்டினார். தெரிந்த அளவுக்கு உறுதி, தெரியாத இடத்தில் அடக்கம். சம்பந்தரை ஏழாம் நூற்றாண்டில் வைப்பதுதான் பிறகு நிலைத்தது. பணிவு வேறு, பயம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆடிட்டர் அறிக்கையில் 'கணக்கு சரி' என்று இருக்காது. 'எங்கள் கருத்தில், உண்மையான நியாயமான தோற்றத்தைத் தருகிறது' என்றுதான் இருக்கும். 1956-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டம் கேட்டதும் அந்த 'உண்மையான நியாயமான' தோற்றத்தைத்தான். 'எங்கள் கருத்தில்' என்ற சொற்களை எடுத்துவிட்டால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்!

யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அங்கே பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் முதலாண்டு மாணவர்களைப் பற்றி 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். போர்க்காலம். பாடப்புத்தகமோ அமெரிக்க வாழ்க்கையைப் பற்றியது. மாணவர்கள் இலக்கணத்தைக் கேட்டார்கள், பரீட்சைக்குத் தயாரானார்கள், வகுப்பில் பெரும்பாலும் அமைதி. புத்தகங்களை வாங்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் கிறுக்கல்! காதல், சினிமா, போராட்டம், பாடத்தில் வரும் பாத்திரங்களுக்கு நக்கல் வசனம். கருத்து இல்லாத பிள்ளைகளா அவர்கள்? அத்தனை கருத்தும் மார்ஜினில் இருந்தது. பரீட்சைத் தாளில்தான் அதற்கு இடமில்லை. மாணவர்கள் தங்கள் குரலை விட்டுவிடாமலே இங்கிலீஷில் எழுத முடியும் என்று கனகராஜா பிறகு பல புத்தகங்களில் வாதாடினார்.

மறுபடி மலைக்கு வருவோம். காஞ்சிபுரத்துக் கதை அச்சிலும் இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் அது உண்டு. அவரும் அதைத் தம் பொறுப்பில் சொல்லவில்லை, அவர்களுடைய மரபுக் கதை என்றுதான் தருகிறார். அதாவது பாட்டியின் 'ஆம்' வெள்ளைக்காரரின் இங்கிலீஷில் பத்திரமாக இருக்கிறது, பேரனின் இங்கிலீஷில்தான் தொலைந்துபோகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குண்டூர் நாட்டு மாணவி ஒருத்தி "என் பாட்டி இப்படிச் சொல்கிறார்" என்று எழுதினால் 'இதற்கு மேற்கோள் எங்கே?' என்று சிவப்பு மையில் கேள்வி வரலாம். அதே கதைக்குத் தர்ஸ்டனின் பெயரையும் பக்க எண்ணையும் போட்டால் டிக் விழும். தர்ஸ்டனுக்கு அந்தக் கதை யாரிடமிருந்து போயிருக்கும் என்று அந்தச் சிவப்பு மை கேட்பதில்லை.