விந்தை மின்னோட்டம்

விந்தை மின்னோட்டம் என்பது, ஒரு இதயத்துடிப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், துடிப்பைத் தொடங்கிவைக்கும் செல்களுக்குள் மெல்லப் பாயும் அயனி மின்னோட்டமாகும். இதற்கு வழிவிடும் புரதங்கள் எச்.சி.என். கால்வாய்கள் எனப்படுகின்றன. மூளையின் நரம்பணுக்களிலும் இவை உள்ளன. இம்மின்னோட்டம் முதலில் ஆராயப்பட்டபோது, அதற்கு நேர் எதிரான ஒன்றாகவே புரிந்துகொள்ளப்பட்டது. அந்தப் பிழை திருத்தப்பட 13 ஆண்டுகள் ஆயின.

உடலிலிருந்து பிரித்தெடுத்த இதயமும் சிறிது நேரம் தானே துடிக்கும். அதன் துடிப்பு தொடங்கும் இடமான சைனோ ஏட்ரியல் கணுவை ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் ஆகியோர் 1907-இல் விவரித்தனர். கணுவின் செல்கள் ஓய்வில் நிலைத்திருப்பதில்லை. துடிப்பு முடிந்ததும் சுமார் -60 மில்லிவோல்ட்டுக்கு இறங்கும் சவ்வு மின்னழுத்தம், உடனே தானாக ஏறத் தொடங்கி, ஏறக்குறைய -40-ஐ எட்டியதும் அடுத்த துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. அதை ஏறச் செய்வது எது என்பதே கேள்வி.

கணுச் செல்கள் மிகச் சிறியவை. ஆகவே தொடக்க கால ஆய்வுகள் பெரும்பாலும் பர்கின்ஜி இழைகளில் நடந்தன. அவையும் மெதுவாகத் தானே துடிக்க வல்லவை. 1968-இல் டெனிஸ் நோபிள், ரிச்சர்ட் சியென் இருவரும் ஆட்டின் பர்கின்ஜி இழைகளை ஆராய்ந்து, வெளிநோக்கிப் பாயும் ஒரு பொட்டாசியம் மின்னோட்டம் படிப்படியாகக் குறைவதே மின்னழுத்த ஏற்றத்துக்குக் காரணம் என்றனர். இதற்கு வலுவான ஆதாரமும் இருந்தது. பொட்டாசியம் மின்னோட்டம் எந்த மின்னழுத்தத்தில் திசை மாற வேண்டுமோ அதற்கு அருகிலேயே இதுவும் திசை மாறியது. இந்த விளக்கம் பாடநூல்களிலும் இடம்பெற்றது.

1979-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹிலாரி பிரவுன், டாரியோ டிஃபிரான்செஸ்கோ, சூசன் நோபிள் ஆகியோர் முயலின் சைனோ ஏட்ரியல் கணுவில் வேறொன்றைக் கண்டனர். அதுவரை நன்கு அறியப்பட்டிருந்த சோடியம், கால்சியம் கால்வாய்கள் செல்லின் உட்புறம் நேர்மின் பக்கம் நகரும்போது திறப்பவை. இதுவோ உட்புறம் மேலும் எதிர்மின் ஆகும்போது திறந்தது. சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கடத்தியது. அட்ரினலின் பட்டதும் கூடியது. இந்த முறைகேடான நடத்தையால்தான் விந்தை என்ற பெயர் அதற்கு வந்தது.

இதன்பின் டிஃபிரான்செஸ்கோ பழைய பர்கின்ஜி புதிருக்குத் திரும்பினார். தொட்டியின் வடிகுழாய் மெல்ல அடைபட்டாலும் நீர்மட்டம் ஏறும். வரத்துக் குழாய் மெல்லத் திறந்தாலும் ஏறும். மட்டத்தை மட்டும் அளப்பவருக்கு இரண்டும் ஒன்றே. பர்கின்ஜி பதிவுகளிலும் இதே சிக்கல் இருந்தது. இழைகளில் உள்ள வேறொரு பொட்டாசியம் மின்னோட்டத்தை அவர் பேரியம் கொண்டு அடைத்தார். உடனே அந்தத் திசைமாற்றம் மறைந்தது. எஞ்சியது உள்நோக்கி வளரும் மின்னோட்டம். செல்களுக்கிடையிலான குறுகிய இடுக்குகளில் பொட்டாசியம் குறைந்துபோனதே பழைய ஆதாரத்தை உருவாக்கியிருந்தது. 1981-இல் இது வெளியானது. பழைய அளவீடுகளில் தவறில்லை. அவற்றை வாசித்த விதமே தலைகீழாக இருந்தது. தன் கொள்கையே கவிழ்ந்தபோதும் டெனிஸ் நோபிள் ஒதுங்கிவிடவில்லை. டிஃபிரான்செஸ்கோவுடன் சேர்ந்து 1985-இல் புதிய கணித மாதிரியை வெளியிட்டார். அறிவியல் வரலாற்றில் இது அடிக்கடி காணக் கிடைப்பதன்று.

நரம்பணுக்களில் இதே மின்னோட்டம் வேறு பெயர்களில் தனியே அறியப்பட்டு வந்தது. ஹேலிவெல், ஆடம்ஸ் ஆகியோர் 1982-இல் ஹிப்போகாம்பஸ் செல்களில் அதை விவரித்தனர். தலாமஸ் செல்களின் தாள அலைவுகளில் அது கால்சியம் மின்னோட்டம் ஒன்றுடன் இணைந்து இயங்குவதை 1990-இல் மெக்கார்மிக், பாப்பே காட்டினர். 1998 வாக்கில் மரபணுக்கள் கண்டறியப்பட்டபோது இரண்டு கதைகளும் ஒன்றாயின. பாலூட்டிகளில் நான்கு எச்.சி.என். மரபணுக்கள் உள்ளன. கணுவில் நான்காவது வகை மிகுதி. அட்ரினலினால் செல்லுக்குள் கூடும் சைக்ளிக் ஏ.எம்.பி. இக்கால்வாயில் நேரடியாகப் பிணைந்து, அது எளிதில் திறக்க வழிசெய்கிறது. ஓடும்போதும் அஞ்சும்போதும் துடிப்பு விரைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்கால்வாய்களை அடைக்கும் இவாப்ரடின் என்னும் மருந்து 2005-இல் ஐரோப்பாவில் நெஞ்சுவலிக்கு ஒப்புதல் பெற்றது. 6,500-க்கும் மேற்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010-இல் வெளியான பின் அந்நோய்க்கும் பயன்பாட்டுக்கு வந்தது. இதை உட்கொள்ளும் சிலருக்குக் கண்ணில் ஒளிக்கீற்றுகள் தோன்றும். விழித்திரையிலும் எச்.சி.என். கால்வாய்கள் இருப்பதே காரணம்.

இவாப்ரடின் துடிப்பைக் குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. செல்லின் உட்சேமிப்பிலிருந்து தாளமாக வெளிப்படும் கால்சியமே முதன்மை இயக்கி என எட்வர்ட் லகாட்டா குழுவினர் வாதிட்டனர். டிஃபிரான்செஸ்கோ அதை ஏற்கவில்லை. இரண்டும் இணைந்தே கணுவை இயக்குகின்றன என்று கருதுவோர் பலர். எது எந்த அளவுக்கு என்பதில் விவாதம் தொடர்கிறது.