ஆண்டு இல்லாத கல்வெட்டு

திருவரங்கம் கோயில் சுவரில் உள்ள நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளில் பல, தானம் இன்னதென்று சொல்லுமுன் மன்னன் பெயர், ஆட்சியாண்டு, திதி, கிழமை, நட்சத்திரம் என்று அடுக்கிவிடும். எல்.டி.சுவாமிக்கண்ணுப் பிள்ளை போன்றோர் இத்தகைய வரிகளைக் கொண்டுதான் நாள் கணித்தார்கள். அந்த வரிகள் சிதைந்துபோனால், மிச்சம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது பாதிக் கல்தான். பல்சார்கள் எனப்படும் சுழலும் நட்சத்திரங்களின் ரேடியோ துடிப்பைப் பிடிப்பவர்களுக்கும் இதுவே விதி. அவர்கள் கதையை எல்லோரும் ஆண்டெனாக்களின் கதையாக எழுதுகிறார்கள். எனக்கு அது பதிவேட்டின் கதையாகவே படுகிறது. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் நாளுக்கு 30 மீட்டர் அளவுக்கு ஓடிய காகிதச் சுருளைக் கண்ணால் அலசினார். ஒரு சின்னக் கிறுக்கல் வானத்தின் அதே இடத்திலிருந்தே திரும்பத் திரும்ப வருவதைச் சுருளிலிருந்த நேரக் குறிகள் காட்டின. அவை இல்லையென்றால் அது யாரோ ஒருவருடைய கார் எஞ்சின் இரைச்சலாகவே கழிந்திருக்கும்.

இன்னும் அழுத்தமான சான்றுக்குத் திருச்சி நகரிலிருந்து வடக்கே போய்க் காவிரியைக் கடக்க வேண்டும். சி.வி.ராமன் பிறந்த திருவானைக்காவல் அங்கேதான். அவருடைய மகன் வி.ராதாகிருஷ்ணன், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் ரிச்சர்ட் மான்செஸ்டருடன் வேலா பல்சாரைக் கவனித்துவந்தார். 1969 பிப்ரவரி 24-க்கும் மார்ச் 3-க்கும் இடையே, 89 மில்லிசெகண்ட் துடிப்பு இடைவெளி பத்து லட்சத்தில் 2 பங்கு சுருங்கியிருந்தது. மெல்ல மெல்ல வேகம் குறைந்துகொண்டே வர வேண்டிய நட்சத்திரம் திடீரென்று துள்ளியிருந்தது! பூமி சூரியனைச் சுற்றும் ஓட்டமே ஓராண்டுக்குள் அந்த இடைவெளியை இதைவிடப் பல மடங்கு கூட்டிக் குறைக்கிறது. நாளும் நேரமும் இடமும் துல்லியமாக இருந்ததால்தான் அதைக் கழித்துவிட்டு எஞ்சியதைப் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் ரீச்லி, டௌன்ஸ் என்ற ஆய்வாளர்கள் தனியாகக் கண்டதும் இதோடு ஒத்துப்போனது.

ஊட்டி முத்தோரையில் இருப்பதுபோல 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி உள்ளவர்களுக்கு இதெல்லாம் சரி, மொட்டை மாடி ஆர்வலருக்கு எதற்கு என்று கேட்கலாம். உண்மையில் அவருக்குத்தான் இது அதிகம் தேவை. சிறிய ஆண்டெனாவில் தனித் துடிப்பு எதுவும் தெரியாது. ஆயிரக்கணக்கான துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் இரைச்சலுக்கு மேலே தலைகாட்டும். பி0329+54 பல்சாரின் இடைவெளி 0.714 செகண்ட். மலிவான ரிசீவரின் கடிகாரம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால், ஒரு மணி நேரத்தில் 0.18 செகண்ட் விலகிவிடும். அது துடிப்பு இடைவெளியில் கால் பங்கு, அடுக்கு கலைந்துபோகும். சரியான இடைவெளியைக் கணினியே தேடிக் கண்டுபிடிக்காதா என்பது அடுத்த கேள்வி. கண்டுபிடிக்கும்தான். ஆனால் மாறியது நட்சத்திரமா, கடிகாரமா என்று அதனால் சொல்ல முடியாது. அதனால்தான் பல்சார் தரவை அலசும் சிக்ப்ராக் மென்பொருளின் ஃபில்டர்பேங்க் கோப்பு, தொடங்கிய நேரம், மாதிரிகளுக்கு இடையிலான காலம், அலைவரிசைகளின் எண்ணிக்கை, அவற்றின் அகலம் ஆகியவற்றை முகப்பிலேயே எழுதிவிட்டு அப்புறம்தான் எண்களைக் கொட்டுகிறது. அந்த மென்பொருளை எழுதிய டங்கன் லோரிமரின் குழுதான், பார்க்ஸில் 2001-ல் இத்தகைய குறிப்புகளோடு பதிவாகிக் கிடந்த பழைய தரவைப் புரட்டி, 2007-ல் முதல் அதிவேக ரேடியோ வெடிப்பை அறிவித்தது.