பள்ளி வாசலில் நடைபாதை, தெருவிளக்கு வேணுமா? மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மீதி அரசு தரும்... 'நமக்கு நாமே' திட்டம் பற்றித் தெரியுமா?

மேச்சேரி: புதன்கிழமை சந்தை நாளில் மேச்சேரி பக்கம் போனவங்களுக்கு இந்தக் காட்சி தெரிஞ்சிருக்கும். ஆடு ஏற்றிய வண்டி, மேட்டூர் பஸ், தொப்பூர் போகிற லாரி. இதுக்கு நடுவுலதான் நடந்து போறவங்களும், அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் போற பிளஸ் 1 பிள்ளைகளும் வழி தேடணும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2022ஆம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

பெரிய மேம்பாலம் யாரும் கேட்கவில்லை. இருட்டான வளைவில் ரெண்டு விளக்கு, பள்ளி வாசலில் கொஞ்ச தூரம் நடைபாதை, வாய்க்கால் மேல் ஒரு சிறுபாலம். இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் 'நமக்கு நாமே' திட்டம் கைகொடுக்கும்.

அது என்ன திட்டம்?

1997-98ல் தொடங்கியது. 2011-12ல் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறியது. 2021-22ல் பழைய பெயரிலேயே மீண்டும் வந்தது. (2015ல் ஸ்டாலின் போன 'நமக்கு நாமே' பயணம் வேற, இது வேற.)

கணக்கு எளிதுதான். வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுக்கணும், மீதியை அரசு போடும். 6 லட்சம் ரூபாய் வேலை என்றால் மக்கள் பங்கு 2 லட்சம். கிராமப்புறங்களில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். அதாவது அதே வேலைக்கு 1 லட்சத்து 20 ஆயிரம்.

தனிநபர் கொடுக்கலாம், ஊர் கூடி வசூலித்துக் கொடுக்கலாம், கம்பெனிகளும் கொடுக்கலாம். பாதிக்கு மேல் நீங்களே கொடுத்தால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் வழி இருக்கு. வேலை முடிஞ்ச பிறகு அது பொதுச் சொத்து. தனியார் இடத்தில் செய்ய முடியாது.

யாரைப் பார்க்கணும்?

மேச்சேரி டவுனுக்குள் என்றால் பேரூராட்சி செயல் அலுவலர். சுற்றியுள்ள கிராமங்கள் என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். அங்கிருந்து ஃபைல் கலெக்டரிடம் போகும்.

ஆனா, பலர் சறுக்குவது இங்கேதான். ரோடு யாருடையது என்று முதலில் கேளுங்க. தொப்பூர் - மேட்டூர் - பவானி சாலை இப்போ தேசிய நெடுஞ்சாலை 544எச். அதில் பேரூராட்சி நினைத்தாலும் தன் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது, நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேணும். தெருவும் ஊராட்சி ரோடும்தான் உள்ளாட்சி கையில். இது தெரியாமல் வசூலை ஆரம்பித்தால் பணம் சும்மா கிடக்கும், ஊருக்குள் சண்டை வரும்.

நெடுஞ்சாலை சம்பந்தப்பட்ட கோரிக்கையை மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதணும். அதன் தலைவர் கலெக்டர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரிலேயே கொடுக்கலாம்.

வேகத்தடையை நாமே போட்டுக்கலாமா?

கூடாது. விபத்து நடந்த கோபத்தில் மண்ணையும் ஜல்லியையும் கொட்டி மேடு போடுறது பல ஊர்ல நடக்குது. இரவில் அந்த மேட்டில் முதலில் விழுவது சைக்கிள்காரர்தான். இந்திய சாலைகள் காங்கிரஸ் விதிப்படி வழக்கமான வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அகலமாக, மெதுவாக ஏறி இறங்கணும். முன்னாடியே எச்சரிக்கை பலகையும், மேலே வெள்ளைக் கோடும் வேணும். நடைபாதைக்கும் அளவு உண்டு: தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம். நடுவில் மின்கம்பம் நின்றால் அது கணக்கில் வராது.

கேட்க நமக்கு உரிமை இருக்கா?

இருக்கு. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கு. நம்ம கருத்து என்னன்னா, உரிமை என்று கோர்ட்டே சொன்ன ஒன்றுக்கு மூணுல ஒரு பங்கு மக்கள் தரணுமா என்று கேட்பதில் நியாயம் இருக்கு. அதனால் வசூலுக்கு முன்னாடி, உள்ளாட்சியின் பொது நிதியிலேயே செய்ய முடியுமா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்க. முடியாது என்று பதில் வந்தால் இந்தத் திட்டத்துக்கு வரலாம்.

மனுவில் இடத்தின் போட்டோ, பள்ளி விடும் நேரம், இதுவரை நடந்த விபத்துகள் பற்றிய விவரம் சேர்த்துக்கோங்க. வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்க மறக்காதீங்க.